குழியின் கணக்கு: செம்பு–மாலிப்டினம் சுரங்கத்தை வகுப்பறையில் கற்பித்தல்

(கான்சாபுரம் பகுதி தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனிம வளங்கள் என்ற பாடத்தை நாம் எல்லோரும் நடத்துகிறோம். இந்திய வரைபடத்தில் ராஜஸ்தானில் ஒரு புள்ளி வைத்து கேத்ரி என்றும், ஜார்க்கண்டில் ஒரு புள்ளி வைத்து சிங்பூம் என்றும், மத்தியப் பிரதேசத்தில் ஒரு புள்ளி வைத்து மலாஞ்ச்கண்ட் என்றும் எழுதச் சொல்கிறோம். பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் புள்ளிக்குள்ளே என்ன இருக்கிறது என்பது பாடத்தில் வருவதில்லை. இன்று அந்தப் புள்ளிகளில் ஒன்றுக்குள் இறங்கிப் பார்க்கலாம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் முதல் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் வரை ஆளுக்கு ஒன்றாவது எடுத்துக்கொண்டு போகும்படி பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது மத்தியப் பிரதேசம் பாலாகாட் மாவட்டத்திலுள்ள மலாஞ்ச்கண்ட். பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் காப்பர் நடத்தும் சுரங்கம் இது. 1982-இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் மிகப்பெரிய செம்புப் படிவம் இங்கேதான் இருக்கிறது. செம்போடு சிறிதளவு மாலிப்டினமும் அந்தப் பாறையில் கலந்திருக்கிறது.

செம்பு நமக்குத் தெரியும், மாலிப்டினம்?

செம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் தாமிரம், வீட்டில் செம்பு. மோட்டார் காயிலில் தொடங்கி மின்கம்பி வரை அதுதான்.

மாலிப்டினம் என்ற பெயரைக் கேட்டால் பிள்ளைகள் வாய்க்குள் நுழையவில்லை என்பார்கள். ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதன் தாதுவான மாலிப்டினைட் பார்வைக்குப் பென்சில் கரி போலவே இருக்கும். விரலில் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும். அதனால் நெடுங்காலம் அதை ஈயம் என்றும் கிராஃபைட் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இது வேறு பொருள் என்று 1778-இல் கண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீல். இதன் உருகுநிலை சுமார் 2,620 டிகிரி செல்சியஸ். எஃகில் கொஞ்சம் சேர்த்தால் சூட்டிலும் அந்த எஃகு வலுவிழக்காது. கொதிகலன் குழாய், துளையிடும் கருவி, எந்திர பாகங்கள் எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. நம் ஊர் உளுந்துச் செடியையோ கடலைச் செடியையோ பிடுங்கினால் வேரில் சிறு முண்டுகள் தெரியும். அங்கே வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்தில் மாலிப்டினம் இருக்கிறது. வாய்க்குள் நுழையாத அந்தப் பெயர் நம் கடலைக்காட்டு மண்ணுக்குள்ளும் இருக்கிறது என்று சொல்லித் தொடங்கினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாறைக்குள் செம்பு எப்படி வந்தது?

புவியின் மேலோட்டில் எந்தப் பாறையை எடுத்தாலும் துளி செம்பு இருக்கும். சராசரியாக ஒரு டன் பாறைக்கு 60 கிராம் அளவு. மாலிப்டினம் என்றால் டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம்தான். இந்த அளவில் யாரும் சுரங்கம் தோண்ட முடியாது. சுரங்கம் வைக்க வேண்டுமானால் டன்னுக்குக் குறைந்தது ஐந்து கிலோ, பத்து கிலோ செம்பாவது இருக்க வேண்டும். அதாவது இயற்கையே சுமார் நூறு மடங்கு அளவுக்குத் திரட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தத் திரட்டும் வேலையைச் செய்தது சூடான நீர். ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி கிரானைட்டாக இறுகும்போது அதிலிருந்த நீர் வெளியே தள்ளப்படுகிறது. பல நூறு டிகிரி சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் இருக்கும் அந்த நீரில் செம்பு, கந்தகம், மாலிப்டினம், சிலிக்கா எல்லாம் கரைந்திருக்கும். விரிசல் வழியே அது மேலேறிச் சூடு குறையும்போது கரைந்தவை படிகின்றன. சிலிக்கா வெள்ளைக் குவார்ட்ஸாகவும், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பொன்மஞ்சள் சால்கோபைரைட்டாகவும், மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து மாலிப்டினைட்டாகவும் அமைகின்றன. பாகு ஆறும்போது சர்க்கரை படிவதை வேதியியல் ஆசிரியர்கள் இங்கே காட்டலாம்.

மலாஞ்ச்கண்டில் கிரானைட் பாறைத் தொகுதியின் நடுவே, வளைந்த வில் போல, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குவார்ட்ஸ் திரள் கிடக்கிறது. செம்பின் பெரும்பகுதி அதற்குள். உலகின் பெரிய செம்பு–மாலிப்டினம் சுரங்கங்களான சிலி நாட்டுச் சுக்கிகமாட்டா, அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் போன்றவை ‘பார்ஃபிரி’ வகைப் படிவங்கள். அவை சில கோடி ஆண்டு வயதுள்ளவை. மலாஞ்ச்கண்டை அந்த வகையில் சேர்க்கலாமா என்று புவியியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். வயது விஷயத்தில் அது மூத்தது: சுமார் 249 கோடி ஆண்டுகள். அந்த வயதைச் சொன்னதே மாலிப்டினைட்தான். அதற்குள் சிறிதளவு இருக்கும் ரீனியம் என்ற தனிமம், கணக்கு மாறாமல் மெல்ல மெல்ல ஆஸ்மியமாகச் சிதைகிறது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் தாது படிந்த காலம் கிடைத்துவிடும்.

‘தாது’ என்பது யார் வைத்த பெயர்?

கடலை பிடுங்கி முடித்த காட்டில் தப்புக்கடலை பொறுக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். விலை நன்றாக இருக்கும் வருடம் பத்துப் பேர் பொறுக்க வருவார்கள். விலை விழுந்த வருடம் யாரும் குனியமாட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் கடலை இரண்டு வருடமும் ஒன்றுதான். தாதுவும் அப்படித்தான். எடுக்கிற செலவைவிட வருகிற விலை கூடினால் பாறைக்குத் தாது என்று பெயர்; குறைந்தால் அதே பாறைக்குக் கழிவு என்று பெயர். இந்த எல்லையைத்தான் சுரங்கத் திட்டத்தில் முதலில் தீர்மானிக்கிறார்கள்.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. பழனிக்கு அருகே கரடிக்கூட்டம், தருமபுரி மாவட்டம் அரூர் பகுதி ஆகிய இடங்களில் மாலிப்டினம் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. இந்தியச் சுரங்கப் பணியகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் மாலிப்டினத் தாது வளம் சுமார் 1.9 கோடி டன்னாக இருந்தது. அதில் பாதிக்குமேல் தமிழ்நாட்டில் காட்டப்பட்டது. படித்தவுடன் பெருமையாக இருக்கும். அந்த 1.9 கோடி டன் பாறைக்குள் இருக்கும் மாலிப்டினம் சல்பைடு சுமார் 12,600 டன்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு டன் பாறைக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவு. அதனால் அது ‘வளம்’ என்ற பட்டியலில் இருக்கிறது. இலாபகரமாக எடுக்கத்தக்க ‘இருப்பு’ என்ற பட்டியலில் இல்லை. வளம் வேறு, இருப்பு வேறு. செய்தித்தாளில் வரும் எந்தக் கனிமச் செய்தியையும் படிக்க இந்த ஒரு வேறுபாடு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பும் மாலிப்டினமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட செய்திகள் இனி அடிக்கடி வரும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. பாறைக்கு அது செல்லாது. ஓரிடத்தில் செம்பு நிறைந்திருக்கும். பத்து மீட்டர் தள்ளினால் ஒன்றும் இருக்காது. அதனால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் துளையிட்டு, உருளை உருளையாகப் பாறையை எடுத்து, மீட்டர் வாரியாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். பிறகு நிலத்தடியைச் சிறுசிறு பெட்டிகளாகக் கணினியில் பிரித்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மதிப்பு எழுதுகிறார்கள். முதல் லாரி மண் அள்ளுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கம் தாளில் தோண்டி முடிக்கப்பட்டிருக்கும்.

பெரிய கிணறு ஒன்று

நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளிச் சுரங்கத்தை விளக்குவது எளிது. தோட்டத்துப் பாறைக் கிணற்றைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. கிணறு வெட்டுகிறவர்கள் நான்கு விஷயங்களை முதலிலேயே யோசிக்க வேண்டும். வெட்டிய கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவது? பக்கச் சுவர் சரியாமல் எப்படி வெட்டுவது? இறங்கி ஏற வழி எங்கே? ஊறுகிற தண்ணீரை எங்கே இறைத்துவிடுவது? திறந்தவெளிச் சுரங்கத்திலும் இதே நான்குதான். அளவுதான் வேறு. மலாஞ்ச்கண்டின் குழி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம், இருநூறு மீட்டருக்கும் மேல் ஆழம்.

முதலில் கழிவின் கணக்கு. ஐந்தாம் வகுப்புக்குமேல் யாருக்கும் கொடுக்கலாம். தாதுவில் 1 சதவீதம் செம்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னில் 10 கிலோ. ஆலையில் 90 சதவீதம் மீட்டால் 9 கிலோ. ஒரு டன் தாதுவை எட்ட 4 டன் கழிவுப் பாறையை அகற்ற வேண்டும் என்று கொள்வோம். ஆக 5 டன் பாறையை உடைத்து அள்ளினால் 9 கிலோ செம்பு. 20 டன் ஏற்றிய ஒரு டிப்பர் லாரிக்கு 36 கிலோ. மீதி அத்தனையும் எங்கோ குவிய வேண்டும். கிணற்றைச் சுற்றிக் கிடக்கும் கல்மேடு இங்கே மலையாகிறது. அந்த மலையைக் குழிக்கு மிக அருகில் வைத்தால் சுவரை அழுத்தும். மிகத் தள்ளி வைத்தால் டீசல் செலவு ஏறும். நாளை தாதுவாகக்கூடிய பாறைமேல் வைத்தால் மறுபடி அள்ள வேண்டும். ஓடையின் மேல் வைத்தால் ஊருக்குக் கேடு.

இரண்டாவது சுவர். செங்குத்தாக வெட்டினால் சரியும். அதனால் பத்துப் பதினைந்து மீட்டர் உயரப் படிகளாக வெட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. குழியின் ஆழம் 240 மீட்டர். சுவரின் மொத்தச் சாய்வு 45 டிகிரி என்றால், மேல் விளிம்பு அடியிலிருந்து 240 மீட்டர் தள்ளி இருக்கும். 40 டிகிரி என்றால் 240-ஐ 0.839-ஆல் வகுக்க, 286 மீட்டர். இரண்டு முக்கோணங்களின் பரப்புக்கும் இடையே சுமார் 5,500 சதுர மீட்டர் வேறுபாடு. சுவர் 2 கிலோமீட்டர் நீளம், பாறையின் அடர்த்தி 2.7 என்றால் சுமார் 3 கோடி டன் பாறை! ஐந்து டிகிரிக்கு மூன்று கோடி டன். செங்குத்தாக வெட்ட ஏன் ஆசை வருகிறது என்பது பிள்ளைகளுக்கே விளங்கும்.

அந்த ஆசைக்கு எல்லை உண்டு. பிங்காம் கேன்யன் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 இரவு ஒரு பக்கச் சுவர் சரிந்தது. பத்துக் கோடி டன்னுக்கும் அதிகமான பாறை குழிக்குள் விழுந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. சுவர் நகர்வதைக் கருவிகள் முன்கூட்டியே காட்டிவிட்டதால் ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள். அளந்துகொண்டே இருந்ததால் தப்பினார்கள்.

மூன்றாவது, வரிசை. குழியை ஒரே மூச்சில் தோண்டுவதில்லை. மேலாக இருக்கும் வளமான பகுதியில் சிறு குழியாகத் தொடங்கி, வெங்காயத்தின் உள்தோலிலிருந்து வெளித்தோலுக்கு வருவதுபோல் சுற்றிச் சுற்றி அகலப்படுத்துகிறார்கள். ஆழம் கூடக்கூடக் கழிவின் பங்கு ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மேலிருந்து தோண்டுவது கட்டாது. மலாஞ்ச்கண்டில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. குழிக்குக் கீழே நிலத்தடிச் சுரங்கம் அமைக்கும் பணி 2015-இல் தொடங்கியது; ஆண்டுக்கு 50 லட்சம் டன் தாது என்பது இலக்கு. சுக்கிகமாட்டாவும் நூறாண்டுக்கும் மேல் மேலிருந்து தோண்டிய பின் 2019-இல் நிலத்தடிக்கு இறங்கியது.

நுரையில் ஏறும் உலோகம்

தாதுவை மாவு போல அரைத்துத் தண்ணீரில் கலக்கி, எண்ணெய்ப் பொருள்களைச் சேர்த்துக் காற்றை ஊதுகிறார்கள். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல் சல்பைடு துகளில் தண்ணீர் ஒட்டாது. அது காற்றுக்குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. மண் அடியில் நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் நுரை மிதப்பு முறை இதுதான். மாலிப்டினம் எடுக்கும் ஆலைகளில் இன்னொரு படி உண்டு. முதலில் செம்பும் மாலிப்டினமும் சேர்ந்தே மிதக்கும். பிறகு செம்புத் துகள் மிதக்காதபடி ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, இயல்பாகவே மிதக்கக்கூடிய மாலிப்டினைட்டை மட்டும் தனியே வழித்தெடுக்கிறார்கள். உலகத்தின் மாலிப்டினத்தில் பெரும் பங்கு இப்படிச் செம்புக்குத் துணையாகக் கிடைப்பதுதான்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகள் தூத்துக்குடியைக் கேட்பார்கள். அங்கே இருந்தது சுரங்கம் அல்ல, உருக்காலை. செறிவூட்டிய தாது வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. அந்த ஆலை 2018 முதல் மூடப்பட்டிருக்கிறது. சுரங்கம், செறிவூட்டும் ஆலை, உருக்காலை மூன்றும் வேறுவேறு. ஒவ்வொன்றின் கழிவும் வேறுவேறு. இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

மேலே சொன்ன கணக்கிலேயே தொடரலாம். 9 கிலோ செம்பு, 25 சதவீதச் செறிவுள்ள பொடியாக வந்தால் அதன் எடை 36 கிலோ. ஒரு டன்னில் மீதி 964 கிலோவும் நைசான கழிவுச் சேறு. அதைக் குழாயில் கொண்டுபோய் அணை கட்டித் தேக்குகிறார்கள். பிரேசிலில் புருமாடின்ஹோ என்ற இடத்தில், அது இரும்புத்தாதுச் சுரங்கம், இப்படியான அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேர் இறந்தார்கள். சுரங்கம் முப்பது நாற்பது ஆண்டில் முடிந்துவிடலாம். அந்த அணை என்றென்றும் நிற்க வேண்டும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே புறப்படுவது அமில நீர். ஆழத்தில் காற்றுப்படாமல் கிடந்த பைரைட், வெளியே வந்து காற்றும் மழையும் பட்டதும் கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. மலாஞ்ச்கண்ட் பகுதியில் ஓடும் பஞ்சார் ஆறு, கான்ஹா புலிகள் காப்பகத்தின் வழியாகச் சென்று நர்மதையில் கலக்கிறது. காட்டுக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் சுரங்கம் இருந்தால் தண்ணீரைச் சோதிப்பது அன்றாட வேலையாகிவிடும்.

நம் மலையில் இருக்கிறதா சார்?

பாடம் முடிந்ததும் இந்தக் கேள்வி வரும். நம் மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்னும் பழம்பாறைகள். மலாஞ்ச்கண்ட் போன்ற செம்புப் படிவம் இங்கே அறியப்படவில்லை. இந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்து, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருக்கிறது. சரணாலயத்துக்கு உள்ளேயும் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும் சுரங்கம் கூடாது என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. பிளவக்கல் அணைக்கு வரும் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது.

அதனால் நமக்கு இது வேண்டாத பாடம் என்று ஆகிவிடாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் விடப்பட்டதும், ஊர் மக்கள் எழுந்து பேசியதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தவை. நம் மாவட்டத்திலேயே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் குழிகள் இருக்கின்றன. ஊர்தோறும் கல்குவாரி இருக்கிறது. இன்று எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நாளை சுரங்கப் பொறியாளராகலாம், கிராம சபையில் கேள்வி கேட்பவராகலாம், நிலத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவராகலாம். மின்கம்பி வேண்டும், மோட்டார் வேண்டும், செம்பு வேண்டும் என்பதும் உண்மை. தோண்டிய குழி தானாக மூடாது என்பதும் உண்மை. எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று நாம் வகுப்பில் சொல்ல வேண்டாம். ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழக்கினால் போதும்.

1. ஒரு டன் பாறையில் உலோகம் எவ்வளவு?
2. ஒரு டன் தாதுவுக்குக் கழிவுப் பாறை எத்தனை டன்? அது எங்கே குவியும்?
3. தண்ணீர் எங்கிருந்து வரும்? எங்கே போகும்?
4. கழிவுச் சேற்று அணை எங்கே? அதற்குக் கீழே எந்த ஊர்?
5. வேலை முடிந்தபின் குழியை என்ன செய்வார்கள்? அதற்கான பணம் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

ஐந்தாவது கேள்வி கற்பனை அல்ல. சுரங்கத்தை மூடும் திட்டத்தையும் அதற்கான நிதி உத்தரவாதத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று 2003 முதல் இந்திய விதிகளில் இருக்கிறது.

வகுப்புக்கு வகுப்பு

தொடக்க வகுப்பில் ஒரு தட்டு மணலில் ஒரு சிட்டிகை கடுகைக் கலந்து கொடுங்கள். எல்லாக் கடுகையும் எடுக்கச் சொல்லுங்கள். கடைசிப் பத்துக் கடுகுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள்; தப்புக்கடலைக் கதை அதிலேயே இருக்கிறது. அடுத்து ஈர மணலிலும் காய்ந்த மணலிலும் குழி தோண்டச் சொல்லுங்கள். சுவர் எதில் நிற்கிறது, எதில் சரிகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

ஆறு முதல் எட்டு வரை சதவீதமும் விகிதமும் லாரிக் கணக்காகட்டும். ஒன்பது, பத்தில் சாய்வுக் கணக்கையும் நுரை மிதப்பையும் ஒரே வாரத்தில் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம். சமூக அறிவியல் ஆசிரியர் அந்த ஐந்து கேள்விகளையும் வைத்து வகுப்பிலேயே ஒரு கிராம சபை நடத்தலாம். நிறுவனத்துக்காகப் பேசவும் ஆள் வேண்டும், ஊருக்காகப் பேசவும் ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் எண்களோடுதான் பேச வேண்டும் என்பது மட்டும் விதி.

அதன்பிறகு வரைபடத்தில் மலாஞ்ச்கண்டுக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.